ஒரு வண்டிக்கு ஒரு குரல்

ஜூன் 3, திங்கள்

இன்று முதல் நான் வெள்ளருவிப் பேரூராட்சியின் தற்காலிகப் போக்குவரத்து மேற்பார்வையாளர். செயல் அலுவலர் ஜெபக்கனி அம்மா ஒரு விசிலும், முதுகில் எழுத்து அழிந்துபோன பச்சைக் கோட்டு ஒன்றும், இந்த டைரியும் கொடுத்தார். டைரி ஏதோ உரக்கடைக்காரர் போன வருடம் அச்சடித்தது. கிழமைகளை நானேதான் அடித்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

"தெனமும் என்ன நடக்குதுன்னு எழுதுங்க அண்ணாச்சி. ஆடி அமாவாசை முடிஞ்சதும் மாவட்ட ஆபீசுக்கு நான் அறிக்கை குடுக்கணும். இதை வச்சுத்தான் எழுதுவேன்" என்றார்.

விஷயம் இதுதான். போன சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர் முகப்பு ஆர்ச்சிலிருந்து அருவிக்கரை வரையுள்ள அரை மைல் கடைத்தெருவைக் கடக்க வண்டிகளுக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. இந்த வருடமும் அப்படி ஆனால் பஸ் நிலையத்தையும் வண்டி நிறுத்தத்தையும் நாலு கிலோமீட்டர் தள்ளி, பெரிய சாலையிலிருந்து ஊருக்குப் பிரிகிற விலக்குக்குக் கொண்டுபோய், அங்கிருந்து அருவிக்குப் பின்பக்கமாகப் புதுச் சாலை போடப்போகிறார்களாம். அப்புறம் சாரலுக்கு வருகிறவன் கடைத்தெருவைக் கண்ணால் பார்க்காமலே குளித்துவிட்டுப் போய்விடுவான். தெருவில் நூற்று நாற்பது கடை. அதில் ஒன்று என் மனைவி சொர்ணத்தின் நேந்திரங்காய்ச் சிப்ஸ் கடை.

வேலைக்கு ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். பெயர்: இசக்கியப்பன். வயது: 54. தொழில் என்ற இடத்தை விட்டுவிட்டேன்.

"இருபத்தாறு வருசம் டூரிஸ்ட் வேன் ஓட்டுன ஆளு. எழுத வேண்டியதுதான?" என்றார் அம்மா.

"இப்ப ஓட்டலையேம்மா" என்றேன். வேனுக்குக் கிளட்ச் தகடு போயிருக்கிறது. கடைக்கு முன்னால் நிற்கிறது.

ஜூன் 4, செவ்வாய்

காலை ஆறு மணி. ஒரு வெளியூர் வண்டிகூட வராத நேரம். ஆர்ச்சிலிருந்து அருவிக்கரை வரை எண்ணிக்கொண்டே நடந்தேன். தெருவின் இரண்டு ஓரமும் சேர்த்து எழுபத்தெட்டு வண்டி நிற்கலாம். அதில் ஐம்பது இடம் அப்போதே நிரம்பியிருக்கிறது. நிரப்பியது யார் என்று பார்த்தால் எல்லாம் நம்மாட்கள்தான்!

வியாபாரிகள் சங்கத் தலைவர் மாசானம் அண்ணாச்சியின் எண்ணெய்க் கடை முன்னால் ஒரு ஸ்கூட்டர். இரண்டு சக்கரத்திலும் காற்றில்லை, சீட்டுக் கிழிசலில் கீரைச்செடி முளைத்திருக்கிறது. லாட்ஜ் முன்னால் கால் ஒடிந்த கட்டில். துணிக்கடை முன்னால் லாரி டயர் மூன்று. பழக்கடைக் கோமதி முன்னால் ஓர் ஆட்டுக்கல். குழவி இல்லை, கல் மட்டும்.

"எதுக்கு இது?" என்று கோமதியிடம் கேட்டேன்.

"கடைக்கு வாரவுக வண்டிய நிப்பாட்ட எடம் வேணும்லா. அதான் பிடிச்சு வச்சிருக்கேன்."

"அவுக எங்க நிப்பாட்டுவாவ?"

"இங்கனதான்."

"இங்கன ஆட்டுக்கல்லுல்லா கெடக்கு?"

கோமதி ஆட்டுக்கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "அத எடுத்தா வேற எவனாவது நிப்பாட்டிருவானே!"

கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற ஜனம் நாங்கள். ஆனால் பஸ்ஸில் துண்டு போட்டவன் பின்னாலேயே ஏறி உட்கார்ந்துவிடுவான். இங்கே வருடக்கணக்காகத் துண்டு மட்டும் உட்கார்ந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து சொர்ணத்திடம் சொல்லிச் சிரித்தேன். அவள் வாழைக்காய் சீவிக்கொண்டே கேட்டாள்: "நம்ம வேன எண்ணுனீங்களா?"

திருத்தம்: ஐம்பத்தொன்று.

ஜூன் 9, ஞாயிறு

சீசனின் முதல் ஞாயிறு. ஆர்ச்சிலிருந்து அருவிக்கரை: ஒரு மணி ஐம்பது நிமிடம்.

மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒரு கார் இடம் கிடைக்காமல் ரிவர்ஸ் எடுத்தது. உடனே ஏழு பேர் கூடிவிட்டார்கள். சோடாக்காரர், ஈரத்துண்டோடு அருவியிலிருந்து வந்தவர் இருவர், பஸ்ஸுக்கு நின்ற ஒரு மாப்பிள்ளை வீட்டார் என எல்லோரும் காரின் முதுகைத் தட்டித் தட்டி "வரலாம் வரலாம் வரலாம்" என்றார்கள். எந்த ஊர்க்காரனும் எந்த வண்டிக்கும் "வரலாம்" சொல்லலாம். அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. கார் வந்தது, வந்துகொண்டே இருந்தது, தண்ணீர் டிரம்மில் முட்டியது. ஏழு பேரில் ஒருவர்கூடப் பின்னால் பார்க்கவில்லை. எல்லோரும் ஓட்டுநரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் விசிலை ஊதிக்கொண்டே ஓடிப்போய், கார் மேலும் வராதபடி அதன் பின்னால் நின்றேன். டிரம்மில்தான் முட்டியது, வேறொன்றும் இல்லை. ஆனாலும் காருக்கு அடியில் இரண்டு தடவை குனிந்து பார்த்தேன். டிரம்முக்கு ஏதும் ஆகிவிட்டதா என்றுதான்.

ஆட்டோ ஸ்டாண்டு ஹனீபா டீ வாங்கித் தந்தான். என்னோடு பத்து வருடம் வேனில் உதவியாளராக இருந்துவிட்டுச் சொந்த ஆட்டோ வாங்கியவன். என்னை நன்றாகத் தெரியும் என்பதுதான் அவனிடம் உள்ள தொந்தரவு.

"அண்ணாச்சி, காலையில இருந்து பாக்கேன். நில்லு நில்லுன்னுதான் ஊதுதிய. ஒரு வண்டிக்காவது வரலாம்னு சொல்லலையே?"

"அதான் ஊரே சொல்லுதே" என்றேன்.

ஜூன் 14, வெள்ளி

ஜெபக்கனி அம்மாவிடம் திட்டத்தைச் சொன்னேன். ஆர்ச்சுக்கு வெளியே சந்தைத் திடல் இருக்கிறது. புதன்கிழமை மட்டும்தான் சந்தை. மற்ற நாளெல்லாம் ஆடு மேய்கிறது. வெளியூர் வண்டிகளைச் சந்தைத் திடலில் நிறுத்திவிட்டு, ஆட்களை ஆறு ஆட்டோவிலும் ஒரு வேனிலும் அருவிக்கரைக்கு ஏற்றிப் போக வேண்டும். கடைத்தெருவின் ஓரங்களைக் காலி செய்துவிட்டால், ஏற்றி இறக்குகிற வண்டிகள் கடை முன்னால் பத்து நிமிடம் நின்று நகரும். ஜனம் நடக்க இடம் இருந்தால் நின்று வாங்கும்.

"இன்னொரு சட்டமும் வேணும்மா" என்றேன். "ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு வண்டிக்கு ஒரு கொரலுதான். மகளிர் குழுவுல இருந்து மூணு பேரப் போடுங்க. அவுக பின்னால நின்னு பாத்துச் சொல்லுவாவ. வேற யாரும் வாயத் தொறக்கப்பிடாது."

அம்மா எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "இது நல்லாருக்கே! எப்பிடித் தோணுச்சு?"

அனுபவம்தான் என்றேன். வேறென்ன சொல்ல?

ஜூன் 18, செவ்வாய்

வியாபாரிகள் சங்கக் கூட்டம். ஐம்பத்தொரு இடத்தையும் படம் வரைந்து காட்டினேன். கட்டில், டயர், ஆட்டுக்கல் எல்லாம் படத்தில் இருந்தன. பஸ்ஸில் துண்டு போடுகிற கதையையும் சொன்னேன். கோமதிகூடச் சிரித்துவிட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த நேரத்தில் மாசானம் அண்ணாச்சி எழுந்தார். தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"ஓய் இசக்கியப்பன். எல்லாஞ் சரிதாம்வே. உம்ம வேனு ரெண்டு வருசமா எங்கடைக்கு எதுத்தாப்புல அசையாம நிக்கி. தெருவுலயே பெரிய துண்டு அதுதான். மொதல்ல அது அசையட்டும். அன்னைக்கு என் ஸ்கூட்டர நானே தலையில தூக்கிட்டுப் போறேன்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஒருவர் விடாமல் அதையே சொன்னார்கள். இசக்கியப்பன் வேன் நகர்ந்தால் எங்கள் சாமானும் நகரும். கூட்டம் முடிந்தது. நான் மூக்குடைபட்டேன்.

வீட்டுக்கு வந்து, "கிளட்ச் தகடு இல்லாத வண்டிய எப்பிடி எடுக்கது? இந்த மனுசனுக்கு அறிவு வேண்டாம்?" என்று கத்தினேன்.

"கிளட்ச்சு தீவாளிக்கே மாத்தியாச்சு" என்றாள் சொர்ணம். "உங்க கண்ணு முன்னாலதான் மாத்துனாவ."

"பேட்டரி போயிருக்கும்."

"போகல. வாரத்துக்கு ஒருநா ஹனீபா வந்து ஸ்டார்ட் பண்ணிட்டுப் போறாரு. நீங்க அருவிக்கரைப் பக்கம் போற நேரமாப் பாத்து."

இது எனக்குத் தெரியாது. ஹனீபாவிடம் சாவி கொடுத்தது யார் என்று கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

ஜூன் 19, புதன்

பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. பின்டயரில் காற்று கொஞ்சம் குறைவு.

ஜூன் 22, சனி

ஐந்தரை மணிக்கு ஹனீபாவும் ஐந்து ஆட்டோக்காரர்களும் வந்தார்கள். வேன் சுவரைப் பார்த்து நிற்பதால் பின்னால்தான் எடுக்க வேண்டும். தான் ஓட்டுவதாக ஹனீபா சொன்னான். என் வண்டியை இன்னொருத்தன் எடுப்பதா? தள்ளுங்கள், நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்கிறேன் என்றேன்.

உட்கார்ந்தேன். ஆறு பேரும் முன்பக்கம் நின்று தள்ளினார்கள். தள்ளும்போதே, பழக்கதோஷம், "வரலாம் வரலாம்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். வேன் ஓர் அடிகூட நகரவில்லை. பிரேக் பிடித்துக்கொண்டது.

இறங்கியதும் ஹனீபா என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் போனான்.

"பிரேக்கு பிடிக்கல அண்ணாச்சி. நீங்கதான் மிதிச்சுக்கிட்டு இருந்திய."

ஜூன் 23, ஞாயிறு

ஆர்ச்சிலிருந்து அருவிக்கரை: இரண்டு மணி இருபது நிமிடம். நாலு வண்டி கொதித்து நின்றன. வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 2, செவ்வாய்

சந்தைத் திடல் தயார். சுண்ணாம்புக் கோடு போட்டு, பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று கயிறு கட்டி மூன்று வரிசை. ஞாயிறன்று ஆட்டோக்களை மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்தோம். சரிப்பட்டு வரவில்லை.

வெள்ளருவிக்கு யார் தனியாக வருகிறார்கள்? பதினான்கு பேராகத்தான் வருகிறார்கள். பதினான்கு பேராக வந்தால் பதினான்கு பேராகத்தான் ஏறுவார்கள். ஆட்டோவுக்கு மூன்று பேர் என்று பிரித்தால், புளிச்சோற்றுத் தூக்குவாளி எந்த ஆட்டோவில் போவது என்பதிலேயே அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்துவிடுகிறது. ஒரு குடும்பம் சண்டை போட்டுக்கொண்டே காரைத் திரும்ப எடுத்துக் கடைத்தெருவுக்குள் விட்டுவிட்டது. அதன் பின்னால் இருபது கார். வேன் ஒன்று கட்டாயம் வேண்டும். சீசனில் வாடகைக்கு எங்குமே கிடைக்கவில்லை.

மாவட்ட அதிகாரி ஆடி அமாவாசையன்று நேரில் வந்து பார்க்கிறாராம். ஆகஸ்ட் நாலு, ஞாயிறு. முந்தின நாள் ஆடிப்பெருக்கு. இதைவிடக் கூட்டமான நாளை அவரால் பஞ்சாங்கத்தில் தேடிப் பிடித்திருக்க முடியாது.

"உங்க வேன ஹனீபா ஓட்டட்டுமே அண்ணாச்சி" என்றார் ஜெபக்கனி அம்மா, மெதுவாக.

"அப்பிடின்னா இந்த விசிலையும் அவன்கிட்டயே குடுத்துருங்க" என்று மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் விசில் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கூடவே ஒரு துண்டுச்சீட்டு: 'நாளைக்குச் சந்தை. நீங்க வரணும்.' இப்படிப்பட்ட மனுஷியிடம் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

ஜூலை 10, புதன்

மத்தியானம். அடைமழை. தெருவில் ஆளில்லை. வேனுக்குள் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இது அறிக்கைக்கு அல்ல.

கிளட்ச் தகடு பொய். பேட்டரி பொய். டயரில் காற்று குறைவு என்பதும் பொய். எனக்குப் பயம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆடி மாதம், இதே தெரு. வேனைப் பின்னால் எடுத்தேன். கூட்டம். "வரலாம் வரலாம்" என்று பின்னாலிருந்து மூன்று நாலு குரல் கேட்டது. கண்ணாடியில் தலைகள்தான் தெரிந்தன. ஊர்தானே சொல்கிறது என்று எடுத்தேன். பிறகு சத்தம் கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. மஞ்சள் கவுன் போட்ட நாலு வயதுப் பிள்ளை. பலூன் உருண்டு போயிருக்கிறது, எடுக்கக் குனிந்திருக்கிறாள்.

கை எலும்பு முறிந்தது. அவ்வளவோடு போயிற்று. நான்தான் வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்து திரும்பி வந்து கடை முன்னால் நிறுத்தியதுதான் கடைசியாக ஓட்டியது. அந்தத் தாய், "நாங்கதான் கைய விட்டுட்டோம்" என்று என்னிடம் அழுதாள். புகார் எதுவும் கொடுக்கவில்லை. ஒன்றரை மாதம் கழித்துத் தகப்பன் போன் செய்தார். கட்டுப் பிரித்தாயிற்று, பிள்ளை சைக்கிள் ஓட்டுகிறாள், நீங்கள் கவலைப்படாதீர்கள் என்றார். அவர் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். போனை வைத்துவிட்டுச் சாவியை முருகன் படத்து ஆணியில் மாட்டினேன். அதன் பிறகு தொடவில்லை.

பகலில் வேலையில் மறக்கப் பார்க்கிறேன். ஆனால் எந்த வண்டி பின்னால் வந்தாலும் எனக்கு மஞ்சள் தெரிகிறது.

ஜூலை 11, வியாழன்

மாசானம் அண்ணாச்சி கடைக்கு வந்தார். எதிர்க் கடைதான். ஆனாலும் இரண்டு வருடமாகத் தெருவைக் கடந்து வந்ததில்லை. என்மேல் ஏதோ வருத்தம் என்று நினைத்திருந்தேன். கால் கிலோ சிப்ஸ் கேட்டார். வாங்கிய பிறகும் போகவில்லை.

"நேத்து மழையில வேனுக்குள்ள இருந்து எழுதிக்கிட்டிருந்தீரு."

"ஆமா."

"அன்னைக்கு வரலாம்னு சொன்ன கொரல்ல ஒண்ணு எங்கொரலுவே."

அவர் துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே பேசினார்.

"கடை வாசல்ல நின்னேன். பின்னால பாக்கல. உம்ம மொகத்தத்தான் பாத்தேன். வழக்கமாச் சொல்லுதது, வாயில வந்துட்டு. அதுக்குப் பொறவு ஒரு வண்டிக்கும் நான் வாயத் தொறக்கலவே. உம்ம வேனப் பாத்துக்கிட்டே கடையில இருக்க முடியல. ஒவ்வொரு நாளும் அது என்னையப் பாக்கு. அதான் எடும் எடும்னு கூட்டத்துல கத்துனேன். உம்மகிட்டத் தனியா வந்து சொல்ல எனக்குத் தைரியம் இல்ல."

கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. இரண்டு வருடமாக நான் ஒருவனே தூக்கிச் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன். பாதியை இந்த மனிதர் எதிர்க் கடையில் வைத்துச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். இருவரும் சிப்ஸைத் தின்று தீர்த்தோம்.

எழுந்து போகும்போது சொன்னார்: "நாளைக்குக் காலையில எடும். தெருவுல ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான். நான் பொறுப்பு."

ஜூலை 12, வெள்ளி

கை இன்னும் சூடாக இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஆறு மணிக்குச் சொர்ணம் முருகன் படத்து ஆணியிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

"நீ எங்க?"

"ஒரு வண்டிக்கு ஒரு கொரலுன்னு சட்டம் போட்டது நீங்கதான? இன்னைக்கு அந்தக் கொரலு என்னுது."

தெருவில் ஊரே நின்றது. நூற்று நாற்பது கடையிலிருந்தும் வந்திருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. மாசானம் அண்ணாச்சி வாயில் தோள் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார். அவரைப் பார்த்து வேறு நாலு பேர் கட்டியிருந்தார்கள். இருபத்தாறு வருடத்தில் இந்தத் தெரு இப்படி வாயை மூடி நான் பார்த்ததில்லை.

சுவரிலிருந்து எடுத்து, அங்கிருந்து தபால் ஆபீஸ் திருப்பம் வரை அறுபது கெஜம் பின்னாலேயே போக வேண்டும். இடையில் திருப்ப இடமில்லை. ஸ்டார்ட் செய்தேன். முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டது. ஹனீபா வாழ்க! கண்ணாடியில் சொர்ணம் தெரிந்தாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்தாள், வேனின் இரண்டு பக்கமும் நடந்து பார்த்தாள், குனிந்து அடியில் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"வரலாம்."

என் கால் பிரேக்கிலேயே இருந்தது. அவள் அவசரப்படவில்லை. இரண்டாவது தடவை சொல்லவும் இல்லை. ஒரு தடவைதான் சொல்வாள், பார்த்துத்தான் சொல்வாள் என்று அப்போதுதான் உறைத்தது. காலை எடுத்தேன்.

வேன் நகர்ந்தது. பத்தடி. இருபதடி.

"நில்லுங்க."

நின்றேன்.

"நாயி படுத்திருக்கு." கொஞ்ச நேரம். "எந்திச்சுப் போயிட்டு. வரலாம்."

லாட்ஜைக் கடந்தேன். கோமதிக்குப் பழக்கத்தில் வாய் திறந்துவிட்டது, "வர" என்றாள், பக்கத்திலிருந்தவள் நறுக்கென்று கிள்ளிவிட்டாள். துணிக்கடை. டயர். அறுபது கெஜம் இவ்வளவு நீளமா? சட்டை நனைந்துவிட்டது. ஆனால் கண்ணாடியில் மஞ்சள் தெரியவில்லை. பின்னாலேயே நடந்துபோகும் சொர்ணத்தின் நீலச் சேலைதான் தெரிந்தது.

தபால் ஆபீஸ் திருப்பத்தில் வேனை வளைத்து முன்பக்கமாகத் திருப்பினேன். ஹாரனை ஒரு தடவை அடித்தேன். அடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அதுவரை அடக்கி வைத்திருந்த வாயெல்லாம் ஒரே நேரத்தில் திறந்தன. சொர்ணம் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் துடைக்கவில்லை. தெருவே பார்த்தது, பார்த்தால் பார்க்கட்டும்.

சந்தைத் திடலில் விட்டுவிட்டு நடந்து திரும்பினால், மாசானம் அண்ணாச்சி ஸ்கூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தலையில் தூக்குவதாகச் சொன்னதால் தூக்கியே தீருவாராம். ஹனீபாவும் ஆட்களும் தூக்க, அவர் தலையை மட்டும் அடியில் கொடுத்து நடந்தார். கீரைச்செடி காற்றில் ஆடியது.

மத்தியானத்துக்குள் நாற்பத்துமூன்று இடம் காலி.

ஜூலை 13, சனி

காலை ஆறு மணிக் கணக்கு: நாலு. கட்டில் போயிற்று. டயர் போயிற்று. ஆட்டுக்கல் பாக்கி. ஆறு பேர் வந்தால்தான் நகருமாம், ஆறாவது ஆளுக்குக் கோமதி அலைகிறாள்.

ஜூலை 21, ஞாயிறு

எல்லாம் சேர்ந்து ஓடிய முதல் ஞாயிறு. ஆறு ஆட்டோ, ஒரு வேன். வேனை ஓட்டியது நான்.

காலையில் கயிறு வரிசை குழம்பியது. பச்சையில் நிற்க வேண்டிய பஸ் மஞ்சளில் நின்று, மஞ்சளில் இருந்தவர்கள் வெளியே வர முடியாமல் கத்தினார்கள். பஸ்ஸுக்குத் தனிவரிசை கட்டினோம். மகளிர் குழுப் பெண்கள் மூவரும் அசத்திவிட்டார்கள். ஒரு வெளியூர்க்காரர் தானும் "வரலாம்" சொல்வேன் என்று பிடிவாதம் பிடித்தார். "சொல்லுங்க, ஆனா பின்னால நின்னு சொல்லுங்க" என்றாள் ஒருத்தி. ஆள் நழுவிவிட்டார்.

ஆர்ச்சிலிருந்து அருவிக்கரை: முப்பத்தைந்து நிமிடம். கடைத்தெருவில் ஜனம் நடுவீதியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டு வாங்குகிறது. சொர்ணத்துக்கு மூன்று மணிக்கே வாழைக்காய் தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு. ஆடி அமாவாசை

நேற்று ஆடிப்பெருக்கு, இன்று அமாவாசை. காலை ஏழு மணிக்கே திடலில் இருநூறு வண்டி.

பதினொன்றரைக்கு மாவட்ட அதிகாரியின் கார் வந்தது. ஓட்டுநர் நேராகக் கடைத்தெருவுக்குள் விடப் பார்த்தார். பச்சைக் கோட்டு மாட்டியிருந்த மகளிர் குழுப் பெண் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"யாரு கார்னு தெரியுதா?" என்றார் ஓட்டுநர்.

"தெரியுது. பச்சைக் கயித்துல நாலாவது எடம் காலியா இருக்கு. அங்கன போடுங்க."

ஜெபக்கனி அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அதிகாரியோ கண்ணாடியை இறக்கிக் கயிற்றைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார், இறங்கி வந்து வேனில் ஏறினார். அம்மாவும் கூடவே ஏறினார். உள்ளே ஏற்கெனவே பதினான்கு பேர் குடும்பம். உட்கார இடம் கொடுத்தார்கள், பதிலுக்குப் புளிச்சோற்றுத் தூக்குவாளியை மடியில் வைத்துவிட்டார்கள். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஆர்ச்சில் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை, ஓட்டினேன். இரண்டு ஓரமும் காலி. கோமதி கடை முன்னால் ஆட்டுக்கல் இல்லை. அந்த இடத்தில் ஒரு கார் நின்று ஐந்து பேர் பழம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்க் கடை வாசலிலிருந்து மாசானம் அண்ணாச்சி துண்டை எடுத்து வீசினார், கல்யாண ஊர்வலத்துக்கு வீசுகிற மாதிரி.

அருவிக்கரை வந்தது. ஒன்பது நிமிடம்.

அதிகாரி கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். "ஓடுதா இது?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான பாட்டையாவிடம் கேட்டார். பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்து, வேன் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "பஸ் ஸ்டாண்டு இங்கயே இருக்கட்டும்மா. விலக்கு ஃபைல நான் மூடிருதேன்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு ஊரையே தூக்கித் தோளில் வைத்துச் சுற்ற வேண்டும்போல் இருந்தது.

ஆனால் திரும்பிப் போக வேனைப் பின்னால் எடுக்க வேண்டுமே? ரிவர்ஸில் போட்டேன். அருவிக்கரைப் பணியில் இருந்த மகளிர் குழுப் பெண் பின்னால் போய் நின்றாள். அந்த நேரத்தில், தூக்குவாளியும் கையுமாக, அதிகாரி ஜன்னலில் தலையை நீட்டி என் முகத்தைப் பார்த்து ஆரம்பித்தார்:

"வரலாம், வரலாம், வரலாம்..."

"சார்!" என்று அம்மாவும், ஹனீபாவும், சோடாக்காரரும், கடை வாசலில் நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். "ஒரு வண்டிக்கு ஒரு கொரலு!"

அதிகாரி நாக்கைக் கடித்துக்கொண்டு தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். வேன் அமைதியாயிற்று. பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல் ஒன்று மட்டும் வந்தது. எடுத்தேன்.

இன்று மொத்தம் நாற்பத்தோரு நடை. அதில் எத்தனை ரிவர்ஸ் என்று எண்ணவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலை ஆறு மணிக் கணக்கு: பூஜ்யம்.

அறிக்கைக்கு டைரியைக் கேட்டார் ஜெபக்கனி அம்மா. ஜூலை பத்தாம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். கிழிக்கவில்லை. அப்படியே கொடுக்கப்போகிறேன். இந்தப் பக்கத்தை எழுதியதும் கொடுத்துவிட வேண்டியதுதான்.

திடல் வேன் சீசன் முடிந்தாலும் வருடம் முழுக்க ஓடுமாம். அதற்குப் புதுப் படிவம் ஒன்றை நீட்டினார். பெயர்: இசக்கியப்பன். வயது: 54. அடுத்த இடத்தில் பேனா நின்றது. அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொழில்: ஓட்டுநர்.